மதகைத் திறக்கச் சொன்ன முள்ளம்பன்றி

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. சிங்கம் இருந்ததா என்று உடனே கேட்பீர்கள். இருந்திருக்கும். ஆனால் அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று யாரும் கவலைப்படாத அளவுக்கு அந்தக் காடு முன்னேறிவிட்டிருந்தது. பசித்தவர்கள் மனு எழுதினார்கள். பசியாறியவர்கள் அதற்குப் பதில் எழுதினார்கள். பாதி மரங்கள் நின்றுகொண்டிருந்தன, மீதி மரங்கள் காகிதமாகிக் கோப்புக்குள் படுத்திருந்தன.

அந்தக் கீழ்க்காட்டு அலுவலகத்தின் செயலாளர் யானை பூபதி. அவருக்குக் கீழே கண்காணிப்பாளர் மயில் சிங்காரவேலு. இவர்கள் இருவருக்கும் கீழே, காட்டிலிருந்து வெளியே போகும் கடிதங்களையெல்லாம் எழுதுகிற முள்ளம்பன்றி தையல்நாயகி. அவளை எழுத்தர் வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் அவளுடைய கையெழுத்தோ அறிவோ இல்லை. அலுவலகத்துக்குப் பேனா வாங்கித் தர வேண்டியதில்லை என்பதுதான். எழுத வேண்டியபோது முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக்கொள்வாள். வலிக்கும். வலிக்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை.

தையல்நாயகியின் வளை ஆற்றின் தாழ்ந்த கரையில் இருந்தது. முயல்கள், கீரிகள், எலிகள் என்று சின்னப் பிழைப்புக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். மேட்டுக்கரை அதிகாரிகளின் குடியிருப்பு. அங்கே நிறைய இடம் காலியாகக் கிடந்தது. காலியாகக் கிடப்பதற்காகவே ஒதுக்கப்பட்ட இடம் என்று பலகையும் வைத்திருந்தார்கள்.

ஆற்றுக்கு மேலே மேற்காட்டுக்காரர்களின் ஏரி. மழையில் அது நிரம்பினால் தண்ணீருக்குப் போக இரண்டே வழி. மதகைத் திறந்தால் ஆற்றில் இறங்கித் தாழ்ந்த கரையை மூழ்கடிக்கும். திறக்காவிட்டால் மறுபக்கத்தில் உபரி நீர் போகும் கலிங்கில் வழிந்து மேற்காட்டு அலுவலக வளாகத்துக்குள் புகும். மேற்காட்டுக்காரர்கள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் மதகைக் காக்கும் நீர்நாய் மாசிலாமணி திருகைச் சுற்றித் திறந்துவிடுவார். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. போன மழையில் அப்படித் திறந்தபோது முயல் வளையிலிருந்து இரண்டு குட்டிகள் அடித்துச் செல்லப்பட்டன. அந்தத் தாய் முயல் இன்னும் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தையல்நாயகிக்கு அந்தப் பக்கமாக நடந்து போவதே கஷ்டமாக இருந்தது. இந்த வருஷம் அவள் வளையிலும் ஒரு குட்டி இருந்தது, முள்கூட இன்னும் கெட்டிப்படாத குட்டி.

போன வருஷமும் அவள் சும்மா இருக்கவில்லை. மேற்காட்டுக்கு ஒரு கடிதம் எழுதித்தான் வைத்தாள். மிகவும் எளிமையான கடிதம். 'மதகைத் திறக்காதீர்கள். கீழே குட்டிகள் இருக்கின்றன' என்பதுதான் அதன் சாரம். அந்த வரைவு மயிலிடம் போனது. ஒரு கடிதம் இப்படி அம்மணமாகவா போய் நிற்பது என்று மயில் முகம் சுளித்தார். ஆரம்பத்தில் பருவமழையின் அழகைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தார். நடுவில் இரு காடுகளின் நட்புறவைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தார். பிறகு அது யானையிடம் போனது. 'திறக்காதீர்கள்' என்றால் கட்டளை போல இருக்கிறது, 'திறக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்' என்றால் கெஞ்சுவது போல இருக்கிறது, நம் காட்டுக்கு இரண்டும் மரியாதை இல்லை என்று யானை அந்த வாக்கியத்தையே அடித்துவிட்டார். குட்டிகள் என்ற சொல்லும் அலுவலகக் கடிதத்துக்குப் பொருத்தமில்லை என்று போனது. கடைசியில் மேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்த கடிதத்தில் மழைக்கு வாழ்த்தும், ஏரிக்குப் பாராட்டும், யானையின் கையெழுத்தும்தான் இருந்தன. மேற்காட்டிலிருந்து 'தங்கள் மேலான கடிதம் கண்டு மகிழ்ந்தோம்' என்று பதில் வந்தது. அதே வாரத்தில் தண்ணீரும் வந்தது.

அதற்குப் பிறகுதான் தையல்நாயகி அந்த அலுவலகத்தின் உண்மையான சட்டத்தைக் கண்டுபிடித்தாள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. தன் மேசைக்கு வந்த வரைவில் சிவப்பு மையால் எதையாவது திருத்தாமல் மேலே அனுப்புகிறவன் வேலை செய்யாதவன். எனவே ஒவ்வொருவரும் எதையாவது திருத்தியே ஆக வேண்டும். தப்பு இருந்தால் தப்பைத் திருத்துவார்கள். தப்பே இல்லாவிட்டால் சரியாக இருப்பதைத் திருத்துவார்கள். தெளிவாக எழுதியவளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

ஒரு தடவை தேன் கொள்முதல் சம்பந்தமான கடிதத்தில் 'பொருள்' என்று மேலே போட வேண்டிய வரியை அவள் மறந்துவிட்டாள். மயில் அதைக் கண்டுபிடித்துத் தோகையே விரித்துவிட்டார். பொருள் வரி இல்லாத கடிதம் தலையில்லாத உடம்பு என்று பக்கத்து மேசைகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி விளக்கினார். அந்தச் சந்தோஷத்தில் கடிதத்தின் மற்ற பாகத்தை அவர் தொடவே இல்லை. அது அப்படியே, அவள் எழுதியபடியே வெளியே போனது.

அன்றிலிருந்து தையல்நாயகி ஒவ்வொரு வரைவிலும் ஆளுக்கொரு தப்பு வைக்கத் தொடங்கினாள், வீட்டில் விருந்தாளிகளுக்கு ஆளுக்கொரு தட்டு வைப்பதைப் போல. மயிலுக்கு அழகு சம்பந்தமான தப்பு. 'மதிப்பிற்குரிய' என்பதை விட்டுவிடுவாள், அல்லது வணக்கத்தைக் கீழே தள்ளிவிடுவாள். யானைக்குச் சின்னத் தப்பு கண்ணில் படாது, பெரிதாக இருக்க வேண்டும். கரடிகளிடமிருந்து வாங்க வேண்டிய தேனைக் கரடிகளுக்கே விற்பதாக எழுதிவைப்பாள். யானை கர்ஜிக்காத குறையாகப் பிளிறி, அடித்து, சரியாக எழுதி, காட்டையே தான் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார். தான் எழுதிய வாக்கியத்தை எந்த அதிகாரியும் தானே அடிக்க மாட்டார் என்பதைத் தையல்நாயகி தெரிந்து வைத்திருந்தாள். காரியங்கள் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தன. அவளைப் பற்றி 'தப்பில்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாது' என்று வருடாந்திரக் குறிப்பில் எழுதினார்கள்.

மழைக்காலம் நெருங்கியது. இந்தத் தடவை மதகுக் கடிதத்தை அவள் பார்த்துப் பார்த்து எழுதினாள். மயிலுக்காக மேற்காட்டுக் கண்காணிப்பாளரின் பட்டங்களில் ஒன்றை விட்டாள். யானைக்கு எதை வைப்பது என்று வெகுநேரம் யோசித்தாள். போன வருஷம் அடித்த அந்த வாக்கியத்தை இந்த வருஷம் அவரே தன் கையால் எழுத வேண்டும், அப்போதுதான் அது தப்பிக்கும். எனவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இப்படி எழுதினாள்: 'மழை வலுக்குமுன் மதகினை முழுவதுமாகத் திறந்துவிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.' யானை இதைப் பார்த்தால் மேசையைத் தட்டுவார். 'திறந்துவிடக் கூடாதென' என்று கொட்டை எழுத்தில் திருத்துவார். அவர் கட்டளையாகவே திருத்தட்டும், இன்னும் நல்லது.

மயில் தன் தப்பைக் கண்டுபிடித்து மகிழ்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கென்று அலுவலகத்துக்குப் புதிய முகப்புத்தாள் வந்திருந்தது, மயிலே பார்த்துப் பார்த்து வடிவமைத்தது. நேரே அதில் சுத்த நகல் எடுத்துக் கோப்போடு யானையிடம் அனுப்பிவிட்டார். தாளின் உச்சியில் பெரிய தோகை ஒன்று படமாகப் போட்டிருந்தது. அதற்குக் கீழே, ஓரமாக, கொஞ்சம் சின்னதாக ஒரு தந்தம்.

யானை அந்தத் தாளைப் பார்த்தார். தோகையைப் பார்த்தார். தந்தத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் எதையும் பார்க்கவில்லை. மயிலைக் கூப்பிட்டு அலுவலகம் அதிர அதிரப் பேசினார். சிவப்பு மையால் தோகையைச் சுற்றி வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, தந்தம் மேலே வர வேண்டும், தோகை கீழே போக வேண்டும் என்று விளக்கமாக எழுதினார். புதுத் தாள் அச்சாகி வந்ததும் அதே வாசகத்தை அதில் படியெடுத்துக் கொண்டுபோனார்கள். தந்தம் சரியான அளவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, அதே கோபத்தோடு கையெழுத்துப் போட்டார். அன்றைய திருத்தம் அதோடு முடிந்தது. தபால் நாரை கடிதத்தை அலகில் கவ்விக்கொண்டு பறந்தது.

கோப்பில் சேர்ப்பதற்காக அலுவலக நகல் தையல்நாயகியின் மேசைக்கு வந்தது. திருத்தத்தைப் பார்க்கிற ஆசையோடு அவள் பிரித்தாள். அவள் எழுதியபடியே, ஓர் எழுத்துக்கூட மாறாமல், மதகினை முழுவதுமாகத் திறந்துவிடும்படி கேட்டிருந்தது. வெளியே முதல் மழை பிடித்துக்கொண்டது.

மயிலிடம் ஓடினாள். அவர் படித்துப் பார்த்தார். கழுத்து நீலம் கொஞ்சம் வெளுத்தது. பிறகு மெதுவாகக் கோப்பை மூடினார்.

"ஏம்மா, இத வாபஸ் வாங்கணும்னா காரணம் எழுதணும். படிக்காம கையெழுத்துப் போட்டோம்னு நானும் எழுதணும், ஐயாவும் எழுதணும். ஐயா எழுதுவாரா?"

"கீழ்க்கரையில என் குட்டி இருக்கு சார்."

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு," என்றார் மயில். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். "ஆனா குட்டிய வச்சுக்கிட்டு நான் எப்படி ஒரு குறிப்பு எழுதுறது?"

யானையிடமும் போனாள். யானை படித்துப் பார்த்து நீண்ட நேரம் காதை ஆட்டினார். ஒரு செயலாளர் கையெழுத்திட்ட கடிதத்தில் தவறு இருக்க வழியில்லை என்றார். அப்படியானால் அதில் எழுதியிருப்பதுதான் இந்தக் காட்டின் கொள்கையாக இருக்க வேண்டும். கொள்கைக்கு எதிராகப் பேசுவது எழுத்தருக்கு நல்லதில்லை என்று அன்போடுதான் எச்சரித்தார்.

தையல்நாயகி தன் மேசைக்குத் திரும்பி ஒரு முள்ளைப் பிடுங்கினாள். முந்தைய கடிதம் ரத்து என்று தானே எழுதினாள். பூட்டி வைக்கும் பொறுப்பு அவளுடையது என்பதால் அலுவலக முத்திரை அவளிடம் இருந்தது. அதையும் அழுத்தினாள். மேட்டுக்கரைப் பலகைக்குப் பின்னால் குட்டியை ஒளித்துவைக்கலாமா என்று பார்த்தாள், காவல்நாய் விரட்டியது. குட்டியைத் தாய் முயலிடம் விட்டாள். இருக்கும் அத்தனை முயல்களிலும் அவள்தான் கண்ணை மூட மாட்டாள் என்று தெரியும். பிறகு கொட்டுகிற மழையில் மேற்காட்டை நோக்கி ஓடினாள்.

நேரே மதகுக்குத்தான் போனாள். ஏரி விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாசிலாமணி திருகின் மேல் கையை வைத்தபடி நனைந்துகொண்டு நின்றார். திருகு சுற்றப்படவில்லை. மதகு மூடித்தான் இருந்தது.

"ஏன்ணே இன்னும் திறக்கல?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே உறைத்தது.

மாசிலாமணி வெறுத்துப்போயிருந்தார். "எப்பவும் நானேதான் தெறந்துருவேன் தாயி. ஒருத்தரும் ஏன்னு கேட்டதில்ல. இப்ப உங்க காட்டுலேருந்து, தெறங்கன்னு ஒரு கடுதாசி வந்துருச்சாம். கடுதாசி வந்துட்டா அது கோப்பாம். கோப்பு முடியறவரைக்கும் திருகத் தொட்டா வேல போயிரும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நீயாவது உள்ள போயிச் சொல்லேன்."

தையல்நாயகி மேற்காட்டு அலுவலகத்துக்குப் போனாள். கலிங்கில் வழிந்த தண்ணீர் வளாகத்துக்குள் புகுந்து, வராந்தாவைத் தாண்டி, மேசைக் கால்களைத் தொட்டு நின்றது. காகிதக் கட்டுகள் வாத்துகளைப் போல மிதந்தன. அலுவலகம் முழுவதும் நாற்காலிகளிலும் அலமாரிகளின் மேலும் ஏறி உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தது. எல்லாவற்றிலும் உயரமான அலமாரியின் மேல் கண்காணிப்பாளர் கருங்குரங்கு அட்சயலிங்கம், ஒரு கையால் வாலைப் பிழிந்துகொண்டே மறு கையால் வரைவு திருத்திக்கொண்டிருந்தார்.

அது கீழ்க்காட்டுக் கடிதத்துக்கான பதில்தான். மதகைத் திறக்கலாம் என்பதில் அங்கே யாருக்கும் ஆட்சேபம் இல்லை. திறந்தால் அவர்கள் கால்தான் முதலில் காயும். ஆனால் கீழ்க்காட்டார் கேட்டதற்காகத் திறக்கிறோமா அல்லது நாமாகத் திறக்கிறோமா என்பது முடிவாகவில்லை. கேட்டதற்காக என்று எழுதினால் அடுத்த வருஷமும் கேட்பார்கள். நாமாக என்று எழுதினால் கேட்ட கடிதத்துக்குப் பதில் எங்கே? இதில் அட்சயலிங்கம் ஒரு கருத்து எழுத, கீழே இருந்தவர் மாற்றி எழுத, வரைவு அலமாரிக்கும் நாற்காலிக்குமாக நீந்திக்கொண்டிருந்தது. மதகைத் திறந்துவிட்டுப் பிறகு எழுதலாமே என்று ஒரு மூஞ்சூறு சொன்னதாம். அதை எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறார்கள்.

தபால் வாங்கும் இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற மரநாய் கையை நீட்டியது. "என்னம்மா, கீழ்க்காடா? கொண்டாந்தத குடு."

தையல்நாயகி ரத்துக் கடிதத்தை நீட்டினாள். மரநாயின் விரல் அதைத் தொட்டுவிட்டது. அந்த நொடியில்தான் அவளுக்குப் புத்தியில் பட்டது. கோரிக்கை ரத்தானால் கோப்பு முடியும். கோப்பு முடிந்தால் மாசிலாமணி பழையபடி தன்னிச்சையாகத் திருகைச் சுற்றுவார். இத்தனை நேரமும் அவள் குட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்தத் தப்பான கடிதம்தான். அவள் கடிதத்தை வெடுக்கென்று பிடுங்கி வாயில் போட்டு மென்றாள்.

"என்னம்மா பண்ற?" என்றது மரநாய்.

"பழைய வரைவு. மாத்தி எடுத்துட்டு வந்துட்டேன்," என்றாள். விழுங்கிவிட்டு, "நினைவூட்டுக் கடிதம் குடுக்க வந்தேன்," என்றாள்.

அங்கேயே ஒரு முள்ளைப் பிடுங்கினாள். மிதந்துவந்த தாள் ஒன்றை எடுத்து உதறினாள். மதகைத் திறந்துவிடும்படி கேட்டிருந்தோம், இதுவரை பதில் இல்லை, தாமதத்துக்கான காரணத்தைத் தெரிவித்துவிட்டு உடனடியாக முழுவதுமாகத் திறந்துவிடும்படி மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம் என்று எழுதினாள். மயிலும் இல்லை, யானையும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுடைய கடிதம் ஒன்று யாருடைய சிவப்பு மையும் படாமல் போய்ச் சேர்ந்தது. அதில் ஒரு சொல்கூட அவள் மனதில் இருந்ததில்லை.

நினைவூட்டு வந்ததைக் கேட்டதும் அட்சயலிங்கத்துக்கு முகம் சிவந்தது. தாமதம் என்று சொல்லிவிட்டார்களா? யாரால் தாமதம்? திறப்பது பற்றிய விவாதம் அப்படியே நின்றது. தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று புதிய கோப்பு ஒன்று தொடங்கியது. பழைய கோப்பை அதோடு கட்டிவிட்டார்கள். புதியது முடியாமல் பழையது நகராது.

அந்த மழை முழுவதும் மதகு திறக்கவே இல்லை. மேற்காட்டு அலுவலகத்தார் கழுத்தளவு தண்ணீரில் கோப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஒருவருக்கொருவர் விளக்கம் கேட்டுக்கொண்டார்கள். தாழ்ந்த கரையில் பாதம் நனைகிற அளவுக்குத்தான் தண்ணீர் வந்தது. தையல்நாயகி திரும்பி வந்தபோது குட்டி தாய் முயலின் வயிற்றில் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. முயல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குட்டியை வாங்கிக்கொள்ளத் தையல்நாயகிக்கு மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். யானை பூபதிக்கு வெள்ளத்தைத் தடுத்த பெருந்தகை என்று பாராட்டு விழா நடந்தது. வாழ்த்து மடலின் வாசகத்தை மயில் எழுதினார், அதில் தோகையை அடக்கமாகக் கீழே போட்டிருந்தார். தையல்நாயகிக்கு ஒரு குறிப்பாணை வந்தது. அனுமதி இல்லாமல் வெளிக்காட்டுக்குப் போனது, முத்திரையைத் தன் விருப்பப்படி பயன்படுத்தியது, அலுவலக ஆவணத்தை மென்று விழுங்கியது ஆகிய குற்றங்களுக்கு ஏன் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். வேலை போனால் கரையில் வளையும் போய்விடும், அது அலுவலகம் ஒதுக்கிய வளை.

முயல்களும் எலிகளும் கூடிப் பேசினார்கள். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேள் என்றார்கள் சிலர். அழுதுகொண்டே போய் யானையின் காலில் விழு என்றார்கள் சிலர். தையல்நாயகி இரண்டையும் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒரு முள்ளைப் பிடுங்கி நிதானமாக எழுதினாள்.

'ஐயா, குற்றங்கள் அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். என்னை உடனடியாக வேலையிலிருந்து நீக்கி, காட்டை விட்டே வெளியேற்றி உத்தரவிடும்படி மிகவும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.'

யானையின் பெயருக்கு முன்னால் 'மாண்புமிகு' போடாமல் விட்டாள். மாதம் தவறாமல் ஒரு நினைவூட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள். குட்டி வளர்ந்து, அதற்கும் குட்டிகள் பிறந்தன. தையல்நாயகி முழுப் பணிக்காலமும் முடித்து மாலையோடு ஓய்வு பெற்றாள். அவளை வேலையை விட்டு நீக்கக் கோரும் மனு, இந்தக் கதை எழுதப்படுகிற இன்றைக்கும், பரிசீலனையில் இருக்கிறது.

நீதி (நகல்: சம்பந்தப்பட்ட அனைவருக்கும், தகவலுக்காக): உங்களுக்கு ஏதாவது நல்லது நடக்க வேண்டுமென்றால் வாயைத் திறக்காதீர்கள். ஏதாவது கெடுதல் நடக்காமல் இருக்க வேண்டுமென்றால், அதை உடனே செய்து தரும்படி எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள்.